நேரில் பார்த்தவர்

தேவநேசனுக்குக் குதிரை என்றால் பயம். அவர் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தது குதிரை லாயத்தில் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் நஞ்சன்கூடு சாலைப் பக்கம் ஒரு பிரபுவின் லாயம் அது. பிரபுவின் பெயர் இங்கே வேண்டாம். அவரும் எங்கள் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு குதிரைகள், முப்பது குதிரைக்காரர்கள், எல்லோருக்கும் மேலே தாரோகா என்ற அதிகாரி. தேவநேசன் அங்கே ரைட்டர். ரத்தினசாமியாகிய நான் தீவனக் கிடங்கின் குமாஸ்தா. இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. என் மனைவியின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அவர் முகத்தைப் பார்த்த நேரம் எனக்கு அதிகம். அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

லஷ்கர் மொஹல்லாவில் குடியிருந்த தமிழ்க் கிறிஸ்தவர் அவர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கையெழுத்து அங்கிருந்து வந்தது. காலை எட்டு மணிக்குக் கறுப்புக் கோட்டோடு வருவார். மே மாதத்திலும் அதைக் கழற்ற மாட்டார். அறைக்கு லாயத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் உண்டு. குதிரைக்காரர்கள் அதற்கு வெளியே வரிசையாக நின்று சொல்வார்கள். இவர் உள்ளே உட்கார்ந்து எழுதுவார். எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் லாடம் மாற்றியது, எது கொள்ளுத் தீவனத்தைத் தொடவில்லை, எதற்கு வயிற்று வலி, எதை யார் நடத்திக்கொண்டு போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு.

அவர் ஜன்னலைத் தாண்டி லாயத்துக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு குதிரைகளின் நெற்றிச் சுழியும் கால் வெள்ளையும் அவருக்கு மனப்பாடம். குதிரைகளைத்தான் தெரியாது. ஒரு தடவை ஒரு குதிரை ஜன்னல் வழியே தலையை நீட்டி அவருடைய மை ஒற்றும் தாளைத் தின்றது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இது யார்?" என்று என்னைக் கேட்டார். "சுல்தான்" என்றேன். குதிரை போன பிறகு உட்கார்ந்து, "சுல்தான், காலை ஒன்பதரை, மை ஒற்றும் தாள் பாதி" என்று தீவனப் பதிவேட்டில் எழுதினார்.

அவருடைய பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. இருபத்தொரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு முறை மைக்கூட்டில் விழுந்த ஈ ஒன்று எழுந்து தொண்ணூறாம் பக்கத்தின் குறுக்கே நடந்து போய்விட்டது. அவர் புதுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொண்ணூறையும் மறுபடி எழுதினார். லாயத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு முதலில் குதிரைகளைக் காட்டுவார்கள், அப்புறம் இவர் புத்தகங்களைக் காட்டுவார்கள். சில பேர் குதிரைகளைவிடப் புத்தகங்களையே நெடுநேரம் பார்த்தார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் கிடங்குப் புத்தகத்தை யாரும் கேட்டதில்லை.

பெண் குதிரைகளைப் பொலிகுதிரையோடு சேர்த்த நாளும் அவை குட்டி போட்ட நாளும் எழுதும் புத்தகத்துக்கு ஈற்றுப் பதிவு என்று பெயர். மற்றவை எல்லாம் இங்கிலீஷ் தேதியில் இருக்கும். இது மட்டும் கன்னட மாதத்தில், திதியோடு. குட்டிக்குப் பெயர் வைக்கப் புரோகிதர் திதி கேட்பார் என்பதால் வந்த வழக்கம். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் 'நேரில் பார்த்தவர்' என்று அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் தேவநேசன் தம் கையெழுத்தைப் போடுவார். குதிரை குட்டி போடும் நேரத்தில் அவர் லஷ்கர் மொஹல்லாவில் தூங்கிக்கொண்டிருப்பார். இதில் யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

நேரில் பார்த்துவிட்டு வந்து ஜன்னலில் சொல்பவன் அத்தனை வருஷமும் கெம்பையன்தான். அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஹனூர்க்காரன். பெண் குதிரைகளும் குட்டிகளும் அவன் பொறுப்பு. லாயத்தின் பின்னால் கொடுத்த இரண்டு அறையில் அவனும் மனைவி மல்லம்மாவும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "கோட்டைப் போட்டுட்டுக் குந்தியிருக்கறவருக்குத் தெரியாதுங்களா" என்று எல்லாவற்றையும் ரைட்டரிடம் விட்டுவிடுவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் புதுத் தாரோகாவாக பசவராஜ் வந்தார். பெங்களூரில் இருந்த கன்னடக்காரர், 'என்னங்க' என்பதற்கு 'ஏன்றீ' என்பார். வந்த மூன்றாம் நாள் தேவநேசனைக் கூப்பிட்டார்.

"ஏன்றீ தேவநேசன், நடந்ததெல்லாம் அழகா எழுதி வெச்சிருக்கீங்க. நடக்கப் போறது எங்க?"

"நடக்கப் போவதை எப்படி ஐயா எழுதுவது?"

"அட்டவணை போடுங்க. யாருக்கு எப்ப லாடம், எப்ப மருந்து, எந்தக் குதிரை எப்ப குட்டி போடும், எல்லாம் சுவத்துல தெரியணும்."

தேவநேசன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அட்டவணை அவருக்குப் பிடித்துப்போயிற்று. கதவு அகலத்துக்குத் தாள், மூன்று நிற மை. லாடக்காரர் திங்கட்கிழமை எந்தக் காலைத் தூக்க வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. குட்டி போடும் நாளைக் குறிக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். ஈற்றுப் பதிவில் இருந்தது கன்னட மாதம் ஆயிற்றே. தேவராஜ மார்க்கெட்டில் புல் விற்கிறவரிடம் கேட்டு, சைத்திரம் முதல் பால்குணம் வரை பன்னிரண்டு மாதப் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜை இழுப்பறையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். குதிரை குட்டியைச் சுமப்பது நிலா மாதக் கணக்கில் பதினொன்றரை மாதம். சேர்த்த மாதத்தில் விரலை வைத்துப் பதினொன்றரை பெயர் தள்ளினால் நாள் வந்துவிடும்.

அந்த வருஷம் அக்டோபர் முப்பத்தொன்று, திங்கட்கிழமை. கெம்பையன் ஜன்னலுக்கு வந்தான்.

"கஸ்தூரிய ஷம்ஷேரோட சேத்தாச்சுங்க ரைட்டரே."

கஸ்தூரி செந்நிறப் பெண் குதிரை. ஷம்ஷேர் பம்பாய் வழியாக வந்த அரபுக் குதிரை. பிரபு தம் மாப்பிள்ளையைவிட அதை மதித்தார். தேவநேசன் எழுதினார்: கார்த்திக சுத்த சஷ்டி. அதாவது தீபாவளி அமாவாசை கழிந்து ஆறாம் நாள். கையெழுத்துப் போட்டார். இழுப்பறையைத் திறந்து விரலைத் தள்ளினார். அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் என்று வந்தது. அட்டவணையில் சிவப்பு மையில் குறித்தார்.

குட்டி மறு வருஷம் அக்டோபர் ஐந்தாம் தேதியே பிறந்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கெம்பையன் சிரித்துக்கொண்டு வந்து சொன்னான். தேவநேசன் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே."

"இருக்குதுங்களா? ஆனா குட்டி எந்திரிச்சு நிக்குதுங்க."

தேவநேசன் கொஞ்சம் யோசித்தார். குதிரை ஒரு மாதம் தப்புச் செய்திருக்கிறது. அதை அவர் எழுதித்தான் ஆக வேண்டும். 'குறித்த நாளுக்கு ஒரு மாதம் முந்தி' என்று எழுதி, நேரில் பார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

தாரோகா அதைப் படித்துவிட்டு நேரே குட்டியைப் பார்க்கப் போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். குறை மாதக் குட்டி என்றால் நோஞ்சானாகத்தானே இருக்கும்? இது நாலு காலையும் ஊன்றி நின்று, தாரோகாவின் சட்டைப் பொத்தானைச் சப்பியது. முகத்தில் நெற்றியிலிருந்து மூக்குவரை பட்டையாக வெள்ளை.

"குறை மாசத்துக் குட்டியா இது?" என்றார் தாரோகா.

அந்த நேரத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கெம்பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இல்லீங்க! நாள் நெறஞ்ச குட்டிங்க. பல்லு வந்திருக்குது பாருங்க, மயிரு நெறைய இருக்குது. நாள் நெறஞ்சா தாய் காம்புல மெழுகு கட்டும், அதை முந்தாநேத்தே பாத்துப்போட்டனுங்க. ஒரு நாள் கொறையில்லீங்க."

தாரோகா விரல் மடக்கினார். நாள் நிறைந்த குட்டி. ஆனால் ஷம்ஷேரோடு சேர்த்த கணக்குக்கு ஒரு மாதம் முந்தி. அப்படியானால் ஷம்ஷேருக்கு ஒரு மாதம் முன்பே வேறு ஏதோ நடந்திருக்கிறது. போன வருஷம் அந்தச் சமயம் தசரா. கஸ்தூரி பத்து நாள், தசரா ஊர்வலம் போய்ச் சேரும் பன்னிமண்டபத்துப் பக்கம் தற்காலிகக் கொட்டகையில் நின்றது. பொறுப்பு கெம்பையன். பக்கத்துக் கொட்டகையில் ஜட்கா வண்டிக் குதிரைகள். மார்க்கெட் வாசலில் ஜட்கா ஓட்டும் தொட்டையனின் குதிரைக்கு முகத்தில் பட்டையாக வெள்ளை.

மத்தியானத்துக்குள் இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. தொட்டையன் வண்டியை லாயத்து வாசலில் நிறுத்தி, ஒரு கட்டுப் பச்சைப் புல்லோடு உள்ளே வந்தான். கெம்பையனை "பீகரே" என்று கூப்பிட்டான். கன்னடத்தில் சம்பந்தி என்று அர்த்தம். கெம்பையன் அடிக்கப் போனான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. சாயங்காலம் தாரோகா உத்தரவு போட்டார். மஹாளய அமாவாசைக்குள், அதாவது அடுத்த சனிக்கிழமைக்குள், கெம்பையன் இரண்டு அறையையும் காலி செய்துவிட்டுப் போய்விட வேண்டும். குட்டியை ஜட்கா வண்டிக்குத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கெம்பையன் அப்படிக் குதிரையை விட்டுவிட்டுப் போகிற ஆளா சார்?" என்று தேவநேசனைக் கேட்டேன்.

"புத்தகம் அப்படித்தான் சொல்கிறது" என்றார். எதிர் மேஜை என்பதால் கையில் இருந்த ரூல்தடியை அவர் மேல் எறியாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். இருபத்தொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கோட்டோடு, கோயிலுக்குப் போன ஷூவோடு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறதா?"

இருந்தது. ராகு காலம் பார்க்க மட்டும் நான் வைத்திருக்கும் தமிழ்ப் பஞ்சாங்கம். அதைப் புரட்டினார். ஆடி ஒன்று, ஆவணி ஒன்று, புரட்டாசி ஒன்று. மூடி வைத்துவிட்டு என் மனைவி கமலம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, இந்த வருஷம் கன்னடத்துக்காரர்களுக்கு ஏதாவது மாதம் இரண்டு தடவை வந்ததா?"

"ஆமாம், சிராவணம் ரெண்டு வந்துச்சே" என்றாள் கமலம்மாள். "முதல்ல வந்தது அதிக மாசம், அப்புறம் நிஜ மாசம். மைசூருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே."

தேவநேசன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். கோயில் முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது, சமையலறையில் அவர் மனைவி ரோசலினிடம் மல்லம்மா அழுதுகொண்டிருந்தாள். வேலை போனதுக்கு மட்டும் அழவில்லை. பெண்ணுக்கு நஞ்சன்கூட்டில் கன்னடக் குடும்பத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். "நடுவால ஒரே மாசம் ரெண்டுவாட்டி வருதுன்னு தள்ளிப் போட்டாங்க அம்மணி. நம்ம பக்கம் அப்பிடி ஏது? சரின்னு காத்திருந்தோம். இப்ப அறையும் போயி, வேலையும் போயி, குதிரைக்காரன் குதிரையத் தொலைச்ச கதையாட்டம் ஊரெல்லாம் சிரிக்குது. இனி அந்தப் பையனூட்டுக்காரங்க வருவாங்களா?" என்றாளாம். தேவநேசன் கதவருகே நின்று அதைக் கேட்டிருக்கிறார். அவருக்கு அழுகை காதில் விழவில்லை. ஒரே மாசம் ரெண்டுவாட்டி என்பது மட்டும் விழுந்தது.

சூரியனை வைத்துப் போகும் தமிழ் மாதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நிலாவை வைத்துப் போகும் கன்னட மாதக் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு நாள் போலக் குறையும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போல ஒரு மாதத்தைக் கூடுதலாகப் போட்டு அதைச் சரிக்கட்டுவார்கள். அந்த வருஷம் அப்படி வந்தது சிராவணம். மைசூர் முழுக்க இரண்டு சிராவணத்தையும் வாழ்ந்து முடித்திருந்தோம். தாரோகா வீட்டில் சனிக்கிழமை விரதத்தை எந்தச் சிராவணத்தில் இருப்பது என்று பெரிய சண்டையே நடந்ததாம். ஆனால் அது வீட்டு விஷயம், அட்டவணை ஆபீஸ் விஷயம். இழுப்பறையில் ஒட்டிய தாளில் சிராவணம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு மாதத்தை ஒன்றாக எண்ணி, தேவநேசனின் விரல் ஒரு மாதம் அதிகமாகத் தள்ளிப் போய்விட்டது. அவருக்கு முன்பெல்லாம் இந்தத் தப்பு வர வழியில்லை, ஏனென்றால் அவர் நடந்ததை மட்டும் எழுதினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டார். லாடப் பதிவை எடுத்தார். பொலிகுதிரையோடு சேர்க்கும் முன் பெண் குதிரையின் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவது வழக்கம், உதைத்தால் காயம் படாமல் இருக்க. கஸ்தூரிக்குக் கழற்றியது அக்டோபர் முப்பத்தொன்று என்று இங்கிலீஷ் தேதியில் இருந்தது. அங்கிருந்து அக்டோபர் ஐந்து வரை ஒவ்வொரு நாளாக எண்ணினார். முந்நூற்று நாற்பது. என்னை எண்ணச் சொன்னார். எனக்கு முந்நூற்று முப்பத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன், முந்நூற்று நாற்பது. பெண் குதிரை சுமக்கும் காலம் அதுதான். குட்டி ஷம்ஷேருடையது. ஒரு நாள் குறையவில்லை, கெம்பையன் சொன்ன மாதிரியே.

தாரோகா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்களும் கெம்பையனும் தமிழ்க்காரங்க" என்றார்.

"ஆமாம் ஐயா. தப்பு வந்ததே அதனால்தான்" என்றார் தேவநேசன்.

தாரோகா நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க, உங்க புஸ்தகத்துல இருபத்தொரு வருஷமா ஒரு அடித்தல் இல்லை. அதை நம்பித்தான் கெம்பையன் பேச்சை நான் காதுல போட்டுக்கலை. எஜமானருக்கும் எழுதி அனுப்பிட்டேன். இப்ப வாயால வந்து தப்புன்னா ஆகாது. புஸ்தகத்துல அடிச்சுக் கொண்டு வாங்க, அதை அனுப்பறேன்." அப்புறம், "விஜயதசமிக்கு உங்களுக்குச் சால்வை போடணும்னு சொல்லியிருந்தேன். அடித்தல் இல்லாத புஸ்தகத்துக்குத்தான் அந்தச் சால்வை. யோசிச்சுக்குங்க" என்றார்.

சால்வை விஷயம் எனக்குத் தெரியும். ரோசலின் அதற்காகப் பெட்டியில் இடம் ஒழித்து வைத்திருந்தாள். அதில் போட நாப்தலின் உருண்டைகூட வாங்கியாயிற்று.

மேஜைக்குத் திரும்பி ஈற்றுப் பதிவைத் திறந்தார் தேவநேசன். சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரத்தினசாமி, எப்படி அடிப்பது?" என்று கேட்டார்.

நான் ஒரு நாளைக்குப் பத்து அடிப்பவன். அந்த லாயத்தில் இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை. எழுந்து போய்ச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே கோடு, கீழே எழுதியிருப்பது தெரிய வேண்டும், சரியானதை மேலே எழுத வேண்டும், பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும். அவர் ரூல்தடியை வைத்து 'குறித்த நாளுக்கு ஒரு மாதம் முந்தி' என்பதை அடித்தார். மேலே 'நாள் சரி. குறித்தது தப்பு' என்று எழுதினார். கோடு நேராக வந்தது.

நான் என் மேஜைக்குத் திரும்பி உட்காரப் போனேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அந்த வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரில் பார்த்தவர் நானில்லையே" என்றார்.

"அதெல்லாம் வழக்கம் சார்."

"முந்தாநேத்தே மெழுகு கட்டினதைப் பார்த்தவன் அவன். அவன் சொல்லித்தான் நான் எழுதினேன். இந்தப் புத்தகத்தில் இருக்கிறது முழுக்க அவன் சொன்னது. அதை வைத்துக்கொண்டே அவன் பொய் சொல்கிறான் என்றேன், ரத்தினசாமி."

இருபத்தொரு வருஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான். அதற்கு முன் இருந்தது பழக்கம்.

தம் கையெழுத்தை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே கெம்பையன் என்று எழுதினார். அப்புறம் முந்தின பக்கத்தைத் திருப்பினார். அதற்கு முந்தினதையும் திருப்பினார். அலமாரியிலிருந்து பழைய புத்தகங்களை இறக்கினார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மொத்தம் எண்பத்துமூன்று ஈற்று. எண்பத்துமூன்றிலும் ரூல்தடி வைத்து ஒரே கோடு, ஒரு பெயர், ஒரு தேதி.

தாரோகா புத்தகங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்றீ, ஒரு வரி கேட்டா முழுக்க அடிச்சிருக்கீங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கெம்பையன் அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று ஆயிற்று. தொட்டையன் புல் கொண்டுவருவதை நிறுத்தினான். விஜயதசமியன்று சால்வை லாடக்காரருக்குப் போனது. விருந்தாளிகளுக்கு அதன் பிறகு குதிரைகளை மட்டும் காட்டினார்கள்.

உத்தரவு வந்த சாயங்காலம் தேவநேசன் ஈற்றுப் பதிவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாயத்துக்குள் நடந்து போனார். இரண்டு பக்கமும் குதிரைகள். கோட்டு முதுகில் வேர்வை ஊறியிருந்தது. கஸ்தூரிக்கு ஆறடி தள்ளி நின்று, "கெம்பையா, தப்பு என்னுடையது" என்றார்.

குட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த கெம்பையன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "போவுதுங்க ரைட்டரே. குட்டி நம்மதுன்னு ஆயிப்போச்சில்லீங்களா" என்றான். குட்டியின் முதுகைத் தட்டிவிட்டு, "என்ற பேரு அதுல இருக்குதுன்னு சொல்றாங்களே, எதுங்க?" என்று கேட்டான்.

தேவநேசன் திறந்து காட்டினார். கெம்பையன் எழுத்தைக் குனிந்து பார்த்து, நகம் படாமல் தொட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னான். அதற்கு அடுத்ததையும். படிக்கத் தெரியாதவன், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் கோட்டுக்கு மேலே அந்த நாலைந்து எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரி இருக்குதுங்களே" என்றான்.

"பார்த்தது ஒரே ஆள்தானே, கெம்பையா" என்றார் தேவநேசன்.